மூதாதையின் இல்லத்தில் ஒரு பள்ளி வகுப்பு

நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில், துறைமுகக் கரையை ஒட்டி 1998-இல் திறக்கப்பட்டது தெ பாப்பா என்னும் தேசிய அருங்காட்சியகம். மாவோரிப் பண்பாட்டை அறிய அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளின் முதல் பாடம், விருந்தினராய் நடந்துகொள்வது எப்படி என்பதாக இருக்க வேண்டும். அதற்கு வாய்ப்பாக, கட்டடத்துக்குள்ளேயே ஒரு மராயே, அதாவது மக்கள் கூடும் முற்றமும் இல்லமும், அமைந்திருக்கிறது. வரவேற்புச் சடங்கு முறைப்படி நடக்கும்போது யாரும் தாமாக உள்ளே போவதில்லை. இல்லத்தார் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அழைப்புக் குரல் நீண்டு எழும். அதைக் கேட்ட பின்னரே விருந்தினர் அடியெடுத்து வைப்பர். பிறகு உரை, உரைக்குத் துணையாகப் பாட்டு, மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் சேர்க்கும் ஹோங்கி, நிறைவாக உணவு. ஓடியாடும் பிள்ளைகள்கூட இந்த ஒழுங்குக்குள் தானே அடங்கிவிடுவார்கள்.

அந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வம் 'தெ ஹவு கி தூரங்கா' என்னும் செதுக்கு வேலைப்பாடு மிக்க இல்லம். 1840-களின் தொடக்கத்தில், இன்றைய கிஸ்போர்ன் நகருக்கு அருகே, ரோங்கோஃபாக்காட்டா குலத்தின் தலைவரும் சிற்பியுமான ரஹாருஹி ருக்குப்போ தம் அண்ணனின் நினைவாக எழுப்பியது. மாவோரிகளுக்குக் கூட்ட இல்லம் என்பது ஒரு மூதாதையின் உடல். முகட்டு உத்திரம் முதுகெலும்பு. சாய்ந்திறங்கும் கைமரங்கள் விலா எலும்புகள். முகப்பின் இரு சாய்பலகைகள் விரித்த கைகள். சுவர் நெடுக நிற்கும் மரப்பலகைகளில் முன்னோர் உருவங்கள். சிப்பி பதித்த அவர்களின் கண்கள் வெளிச்சம் பட்டால் நீலமும் பச்சையுமாய் மின்னும். ருக்குப்போ தம் உருவத்தையும் அங்கே செதுக்கி வைத்திருக்கிறார்.

இத்தனையையும் விளக்கிவிட்டு, இல்லம் வெலிங்டனுக்கு வந்த கதையைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. 1867-இல் அரசு இதைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோனது. மாவோரி விவகாரங்களைக் கவனித்த அமைச்சர் ரிச்மண்டே முன்னின்று எடுத்தார். அப்போதைய அருங்காட்சியகப் பொறுப்பும் அவர் கையில்தான் இருந்தது. ருக்குப்போ நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார், இல்லம் திரும்பவில்லை. 2012-இல் நிறைவேறிய சட்டத்தின் வழியாகத்தான் உரிமை குலத்தார் கைக்கு மீண்டது. இது சிறுவர்களுக்குக் கனமான செய்தி என்பாருண்டு. தன் பொருளைப் பிறர் பறித்தால் எப்படியிருக்கும் என்பது 8 வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும் என்பதே என் எண்ணம்.

அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணியும் உள்ளது. மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததை 1836 வாக்கில் சமயப் பணியாளர் வில்லியம் கொலென்சோ கண்டார். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டதாகச் சொல்வர். ஒன்று பண்டமாற்றில் வந்தது, மற்றொன்று பறிமுதலாய் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும் ஆசிரியர், காட்சிப்பொருள் ஒவ்வொன்றும் யாரிடமிருந்து, எந்த வழியில் வந்தது என்று மாணவரைக் கேட்க வைத்துவிடலாம்.

2023 முதல் நியூசிலாந்துப் பள்ளிகளில் நாட்டின் சொந்த வரலாறு கட்டாயப் பாடமாகிவிட்டது. ஆகவே 1867-ஐ வகுப்பறையிலேயே முன்கூட்டிப் பேசிவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஆசிரியருக்கு இன்று தடையேதும் இல்லை.