பெயர்ப் பலகை யாருடையது?

ராயபுரத்தில் வாடகைக்குக் கடை நடத்துபவர், கடையைக் காலி செய்யும்போது பெயர்ப் பலகையைக் கையோடு கழற்றிக்கொண்டு போவார். அடுத்த தெருவில் மாட்டினால் பழைய வாடிக்கையாளர் தேடி வந்துவிடுவார். மின்னஞ்சலில் மட்டும் பலருக்கு அந்தப் பலகை சொந்தமில்லை. இது இன்று வந்த பிரச்சினை அல்ல!

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியது. முதலில் இணைப்பு பெற்ற நகரங்களில் சென்னையும் உண்டு. இணைப்போடு மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தது. சென்னை முகவரிகளில் "எம்டி2.விஎஸ்என்எல்.நெட்.இன்" போன்ற வால் இருக்கும். அந்த "எம்டி" மெட்ராஸைக் குறிப்பது. 1996-ல் ஊர் சென்னை ஆன பிறகும் மின்னஞ்சலில் மெட்ராஸ் அப்படியே இருந்தது.

துறைமுகத்தை நம்பிய கப்பல் ஏஜென்ட், கஸ்டம்ஸ் கிளியரிங், ஏற்றுமதித் தொழில்களுக்கு வெளிநாட்டுத் தொடர்புதான் உயிர். லெட்டர்பேட், இன்வாய்ஸ், விசிட்டிங் கார்டு என்று எதில் அச்சிட்டாலும் அது நிலைக்க வேண்டிய முகவரி.

1998-ல் தனியாருக்கும் இணையச் சேவை திறந்துவிடப்பட்டது. போட்டி வந்தது. ஆனால் வேறு நிறுவனத்துக்கு மாறினால் பழைய முகவரி கூட வராது. முகவரிக்காகப் பழைய இணைப்புக்கும் பணம் கட்ட வேண்டும், அல்லது எல்லோருக்கும் புது முகவரி சொல்ல வேண்டும். 2002-ல் வி.எஸ்.என்.எல். நிர்வாகம் டாடா குழுமத்திடம் போனது. 2008-ல் அதன் பெயரே டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆனது. வாடிக்கையாளரை யாரும் கேட்கவில்லை.

இதற்கு மருந்து முன்பே இருந்தது. டொமைன் பெயர் முறை 1983-ல் உருவானது. ஒரு டொமைனுக்கு வரும் கடிதம் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் "எம்எக்ஸ்" பதிவு 1986-ல் வந்தது. சொந்த டொமைன் இருந்தால் இந்த ஒரு பதிவை மாற்றினால் போதும். கடிதங்கள் புதிய நிறுவனத்துக்கு வரும், முகவரி மாறாது. 2005-ல் ".இன்" பெயர்கள் எல்லோருக்கும் எளிதில் கிடைக்கத் தொடங்கின.

செல்போனில் இதே உரிமை சட்டப்படி கிடைத்தது. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிகிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டொமைனும் முழுச் சொத்து அல்ல, கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டிய உரிமை. மறந்தால் வேறொருவர் அதே பெயரை வாங்கி, உங்களுக்கு வரும் கடிதங்களையும் பெற முடியும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் கடிதமும் அதில் இருக்கலாம்!

கணக்கியலில் "குட்வில்" என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் தொழிலை விற்கும்போது அதற்கும் விலை உண்டு. பத்து வருடம் வாடிக்கையாளர் மனதில் பதிந்த முகவரியும் அதில் சேர்த்திதான். அதை அடுத்தவர் பலகையில் எழுதி வைக்கலாமா?