வரவேற்பறைக் கணினியும் இடம்மாறிய கொம்பும்

சென்ற பருவத்தில் எங்கள் விடுதிப் பொதுக்கூடத்தில் படங்கள் திரையிடுவதற்கென ஒரு கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்துத் தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. தில்லியின் நேரு பிளேசில், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கைக்கடக்கமான கணினி ஒன்றை வாங்கினோம். முதல் திரையிடல் ஒரு மலையாளப் படம். அதற்கான தமிழ்த் துணையுரையை நானே எழுதியிருந்தேன். படம் தொடங்கியது. 'கேள்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ககரத்திற்குப் பின்னால், ஒரு புள்ளிவட்டத்தின்மேல் தொங்கியவாறு நின்றது. அடுத்தநாள் இந்தித் துணையுரையில் இகரக்குறி அதேபோல் தவறான பக்கத்தில் நின்றது. ஆங்கிலத்திற்கு மாற்றிவிடுவோம் என்று ஒருவர் கூறினார். அனைவரும் உடனே இசைந்தனர். அந்த இசைவுதான் என்னை உறுத்தியது. இப்பதிவு அந்த உறுத்தலிலிருந்து தொடங்குகிறது.

வீட்டுத் திரையரங்குக் கணினியின் வரலாற்றைச் செயலியின் வேகத்தைக் கொண்டே எழுதுவது வழக்கம். எழுத்தின் வழியாகவும் அதனை எழுதலாம்.

பிலிப்ஸ், சோனி, மாட்சுஷிட்டா, ஜே.வி.சி. ஆகிய நிறுவனங்கள் 1993இல் வகுத்த வீடியோ சி.டி. தரத்தில் ஒரு வட்டு 74 நிமிடங்கள் ஓடும். படத்தின் அளவு 352×288 புள்ளிகள். நம் படங்களுக்கு இரண்டு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. இடைவேளையை வட்டு மாற்றுவதே தீர்மானித்தது. அந்தத் தரத்தில் துணையுரைக்கெனத் தனித்தடம் இல்லை. எழுத்து படத்தோடு படமாகப் பொறிக்கப்பட்டது. வேண்டாமென்று அணைக்க முடியாது, பிழையைத் திருத்தவும் முடியாது. 1996இல் ஜப்பானில் சந்தைக்கு வந்த டி.வி.டி. 32 துணையுரைத் தடங்கள்வரை தாங்கியது. ஆனால் அங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படமே. ஆகவே எழுத்துக்கூட்டல் சிக்கல் அங்கு எழவேயில்லை: வட்டைத் தயாரித்தவர் சரியாக வரைந்திருந்தால் எந்தக் கருவியிலும் சரியாகவே தெரியும். விலை வேறிடத்தில் இருந்தது. தயாரித்தவர் எந்த மொழிகளைத் தந்தாரோ அவை மட்டுமே கிடைக்கும்.

ஒலியாய்வு மாணவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு. 'பால்' ஒளிபரப்பு முறைக்கெனப் பெயர்க்கப்பட்ட வட்டுகளில், நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட திரைப்படம் பெரும்பாலும் 25 சட்டகங்களாக ஓட்டப்பட்டது. பேச்சு நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல் விரைவாகும். சுருதியைத் தனியே திருத்தாவிட்டால் குரல் ஏறத்தாழ 0.7 அரைச்சுரம் உயரும். அத்தகைய வட்டிலிருந்து நடிகரின் அடிப்படை அதிர்வெண்ணை அளந்து ஆய்வேட்டில் சேர்ப்பவர் இதை முதலில் சரிபார்ப்பது நன்று.

திருப்புமுனை 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. பாரிசின் எக்கோல் சாந்த்ரால் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வீடியோலேன் திட்டம் 2001இல் கட்டற்ற உரிமத்தின்கீழ் வந்தது. எம்.பிளேயரும் எஃப்.எஃப்.எம்பெக்கும் 2000இல் பிறந்தவை. 2002இல் மைக்ரோசாஃப்ட், ரிமோட்டால் இயக்கத்தக்க விண்டோஸ் எக்ஸ்.பி. மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் அதே நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியின் பூட்டை உடைத்த ஆர்வலர்கள் அதில் ஓடும் ஒரு வீடியோ மென்பொருளை எழுதினர். 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 எம்.பி. நினைவகமும் மட்டுமே கொண்ட பெட்டி அது. அந்த மென்பொருளின் வழித்தோன்றல் எக்ஸ்.பி.எம்.சி. ஆயிற்று, 2014இல் கோடி எனப் பெயர் மாறியது. மீடியா சென்டரோ 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிடப்பட்டது. நிறுவனம் விற்றது மறைந்து, நிறுவனத்தின் பெட்டியை உடைத்துப் பிறந்தது நிலைத்ததை எண்ணி நான் சிரித்ததுண்டு.

இம்மென்பொருள்களுடன் துணையுரையும் படமாக இருப்பதை விட்டு எழுத்தாயிற்று. நேரமும் சொல்லும் மட்டுமே கொண்ட எளிய உரைக்கோப்பு. எந்த மாணவரும் தம் மொழியில் எழுதிச் சேர்க்கலாம். ஆனால் எழுத்தை வரையும் பொறுப்பு இப்போது பார்ப்பவரின் கணினிக்கு வந்தது. இங்கேதான் கொம்பு இடம்மாறியது.

இந்திய எழுத்துகளை ஒருங்குறி, 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றி ஒலிப்பு வரிசையில் சேமிக்கிறது. 'கே' என்பதில் முதலில் ககரம், பின்னர் உயிர்க்குறி. கொம்பை முன்னே நகர்த்துவது திரையில் வரையும் நிரலின் வேலை. விண்டோஸ் 2000 அதற்கான பொறியைத் தமிழுக்கும் தேவநாகரிக்கும் கொண்டிருந்தது. வீடியோ இயக்கிகள் பலவோ அப்பொறியை அணுகாமல், எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே சட்டகத்தின்மேல் ஒட்டின. இலத்தீன் எழுத்துக்கு அது போதும். இதில் ஒரு முரண் உண்டு. நாம் பழையதெனத் தள்ளிய தகுதரம் (டி.எஸ்.சி.ஐ.ஐ.) கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது, கொள்கையளவில், ஏதுமறியாத இயக்கிகூட அதனை ஒழுங்காகக் காட்டியிருக்கும். அறிவியல் நோக்கில் மேம்பட்ட குறியேற்றம் வீட்டுத்திரையில் தோற்று நின்ற ஆண்டுகள் அவை. தமிழ் ஒருங்குறிக்கு மாறியதைத் தடையற்ற முன்னேற்றமாக எழுதும் கட்டுரைகள் இதைக் கண்டுகொள்வதில்லை.

தீர்வு படிப்படியாக வந்தது. துணையுரையை வரையும் லிபாஸ் நூலகம், எழுத்தொழுங்கை அறிந்த ஹார்ஃப்பஸ் பொறியை ஏற்றது. கோடியின் 20ஆம் பதிப்பு 2023இல் எழுத்துவடிவத் துணையுரைகளை லிபாஸிடம் ஒப்படைத்தது. எங்கள் கூடத்தில் தடுமாறியது வேறொரு பழைய இயக்கி. கணினியுடன் ஒட்டிவந்ததை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். பிழை என்னுடையதே.

வன்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை, 700 மெகாஹெர்ட்ஸ் செயலியுடன் முழு உயர்தெளிவுப் படத்தை ஓட்டிக் காட்டியது. படத்தை விரிக்கும் வேலையைத் தனிச்சுற்று ஏற்றதே காரணம். ஆகவே வாங்கும்போது செயலியின் வேகத்தைவிட, எந்தக் கோடெக்குகளை அதன் வரைகலைச் சுற்று விரிக்கும் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. இன்டெலின் 7ஆம் தலைமுறை 10 பிட் எச்.இ.வி.சி. வரை தாங்கும், ஏ.வி.1 வேண்டுமெனில் 11ஆம் தலைமுறை. நாங்கள் 7ஆம் தலைமுறையோடு நிறுத்திக்கொண்டோம், பணம் அவ்வளவே. அமைக்கும்போது திரையின் புதுப்பிப்பு வீதம் படத்தின் சட்டக வீதத்தைப் பின்பற்றுமாறு மாற்றினேன். அதன்பின் காட்சி நகரும்போதிருந்த திக்கல் நின்றது.

இயக்கியை மாற்றிய வாரத்தில் கொம்பு தன் இடத்திற்குத் திரும்பியது. அன்றே சந்தாலி பேசும் தோழர் ஒருவர் தம் மொழித் துணையுரையைக் கொண்டுவந்தார். திரையில் வெறும் கட்டங்கள். ரகுநாத் முர்மு 1925இல் வடிவமைத்த ஒல் சிக்கியில் குறிகள் இடம்மாறுவதில்லை. 2008 முதல் ஒருங்குறியில் உள்ளது. இல்லாதது எழுத்துரு மட்டுமே. நோட்டோ எழுத்துருவை நிறுவ இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் முதல் வரியை உரக்கப் படித்துவிட்டு, அதிலிருந்த தம் எழுத்துப்பிழையைத் திருத்தப் படத்தை நிறுத்தச் சொன்னார்.