எக்ஸாட்டிக்கும் பரதேசியும்

ஆங்கிலத்தில் ‘எக்ஸாட்டிக்’ என்றொரு பெயரடை உண்டு. கிரேக்க மூலத்தில் ‘வெளியிலிருந்து வந்தது’ என்பதே அதன் பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்தபோதும் பிறநாட்டுப் பொருள்களையே அது குறித்தது. பின்னர்ப் புதுமை கண்ட வியப்பும் அதனோடு ஒட்டிக்கொண்டமையால், ‘விந்தையழகு வாய்ந்தது’ என்றே இன்று பலரும் பொருள் கொள்வர்.

நெடுந்தீவைப் பற்றி எழுதும் ஆங்கிலப் பயணிகளுக்கு இச்சொல் மிக உவப்பானது. அங்குள்ள பெருக்கமரம் ஆப்பிரிக்க மண்ணுக்குரியது. அரபு வணிகர் கொணர்ந்தனர் என்பது பொதுவான கருத்து. வெளியிலே திரியும் மட்டக்குதிரைகளோ, போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கு வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை. ஆகவே பழைய பொருளிலே மரமும் குதிரையும் எக்ஸாட்டிக் எனல் தகும். ஆனால் முருகைக்கல் மதிலுக்கும், பனைக்கும், வலை உலர்த்தும் மனிதனுக்கும் அதே அடைமொழியைச் சூட்டும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. வெளியிலிருந்து வந்தவர் எழுதியவரேயன்றி, அம்மனிதன் அல்லனே! உண்மையில் வெளியிலிருந்து வந்தது ‘டெல்ஃப்ட்’ என்ற பெயர்தான். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஆர்லெம் ஆயிற்று. அவை பெரிதும் வழக்கொழிய, டெல்ஃப்ட் மட்டும் நன்கு நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு நேரான சொல் இல்லையோ என நேயர்கள் வினவலாம். உண்டு, அதுவும் இத்தீவுகளிலேயே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. 12ஆம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, நயினாதீவில் ஒரு கல்வெட்டை நிறுவினான். சிங்கள வேந்தன் வெளியிட்ட அக்கட்டளை தமிழில் அமைந்திருப்பது கருதத்தக்கது. ‘பரதேசிகள்’ ஊராத்துறையில் வந்திறங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற வணிகக் கலமாயின் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே.

பரதேசி என்பது பிறதேசத்தவன், அவ்வளவே. கல்வெட்டிலே அரச பாதுகாப்புக்குரிய வணிகனாக நின்றவன், இன்றைய பேச்சு வழக்கில் இரந்துண்பவனாகி, வசைச்சொல்லாகவும் தாழ்ந்துவிட்டான். ஊரூராய்த் திரிந்த துறவிகளுக்கு அப்பெயர் வழங்கியமை ஒரு காரணமாகலாம். ஆங்கிலச் சொல்லோ, கடல் கடந்து சென்று கண்டவர்களின் வாயில் வளர்ந்தது. நம் சொல் வாசலில் வந்து நின்றவனைக் கண்டு வளர்ந்தது. ஒரே பொருளில் தொடங்கிய இரண்டினுள் ஒன்று ஏறவும் ஒன்று இறங்கவும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

போரினால் இடம்பெயர்ந்த தீவகத்தார் பலர் இன்று பாரிசிலும் தொறன்ரோவிலும் வாழ்கின்றனர். பாரிசில் ஆசிய, ஆப்பிரிக்க உணவுப்பொருட் கடைகளின் பெயர்ப்பலகையில் எக்ஸாட்டிக் என்பதன் பிரெஞ்சு வடிவத்தைக் காணலாம். உள்ளே விற்கப்படுவன முருங்கைக்காயும் கறிவேப்பிலையும்.