அணிந்தவரும் மூச்சுவிட வேண்டும்

கொரோனாத் தொற்று பரவிய 2020ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க முடியாது. விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் செவிலியர் தலைமுதல் கால்வரை மூடிய கவச உடையில் பணியாற்றினர். கிருமியைத் தடுத்த அவ்வுடை வியர்வையையும் தடுத்தது. காக்க வந்த உடையே வாட்டுவானேன்?

இது பழைய கேள்விதான். முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஏவப்பட்ட குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கியது. படையினர்க்கு முகமூடி தேவைப்பட்டது. 1917இல் வந்த கடுகு வாயுவோ ஆடையை ஊடுருவித் தோலையும் புண்ணாக்கியது. எண்ணெய்த் துணியாலும் ரப்பராலும் உடலை மூடினர். நஞ்சு வெளியே நின்றது. உடலின் வெப்பமோ உள்ளேயே அடைபட்டது.

இதற்கு விடை தந்தது எளிய கரி. நுண்துளைகள் மலிந்த செயலூட்டிய கரியைத் துணியடுக்கில் பதித்தால், நச்சாவி அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றும் வியர்வையாவியும் கடந்து செல்லும். குவாலியரிலுள்ள பாதுகாப்புத்துறை ஆராய்ச்சிக்கூடம் இத்தகைய உடையை நம் படையினர்க்கென உருவாக்கியது. கிருமிக்கு வேறு வழியுண்டு: நீர்த்துளி நுழையாமல், ஆவி மட்டும் வெளியேறும் நுண்துளைப் படலம்.

2020இல் கோவை சிட்ரா நிறுவனம் செயற்கைக் குருதியை அழுத்திச் செலுத்திக் கவச உடைத் துணிகளைச் சோதித்தது. இன்றியமையாத சோதனை அது. ஆயினும் அது அளந்தது காப்பை மட்டுமே. அணிந்தவரின் புழுக்கத்தை அன்று.

பிறர் நோயைச் சுமப்போரின் சுமையைக் குறைப்பதும் அன்புப்பணியன்றோ? உடை எதைத் தடுக்கிறது என்று கேட்கும் நாம், எதை வெளியே விடுகிறது என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.