ஒரே ஒரு கிண்ணம்

மராத்தி நாடக வரலாற்றில் 1919-ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு ஜனவரியில் ராம் கணேஷ் கட்கரி காலமானார். அவ்வாண்டிலேயே அவரது ‘ஏகச் ப்யாலா’வைக் கந்தர்வ நாடக மண்டலி அரங்கேற்றியது. ‘ஒரே ஒரு கிண்ணம்’ என்பது அப்பெயரின் பொருள்.

கதைத் தலைவன் சுதாகரன் அறிவிற் சிறந்த வழக்கறிஞன், ஆயினும் முன்கோபி. நீதிமன்றத்தில் நாவடக்கம் இழந்து, வழக்காடும் உரிமையைச் சிலகாலம் இழக்கிறான். அவமானத்தை மறக்க ஒரு கிண்ணம் மது அருந்துகிறான்; பின்னர் நிறுத்த இயலவில்லை. மனைவி சிந்து மாவரைத்துக் குடும்பம் காக்கிறாள். குடிவெறியில் அவன் தன் குழந்தையின் உயிரையே போக்கிவிடுகிறான். மரணத் தறுவாயிலும் சிந்து அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளது பொறுமையே அவன் நெஞ்சைச் சுடுகிறது. இறுதிக் கிண்ணத்தில் நஞ்சு கலந்து, தனக்குத் தானே தீர்ப்பளித்துக்கொள்கிறான்.

சிந்துவாக நடித்தவர் பால கந்தர்வர். இதனை மதுவிலக்குப் பிரசாரமாக மட்டும் கொள்வது பொருந்தாது. நல்லவன் ஒருவன் தன் பிழையை முழுதும் உணரும்போது காலம் கடந்துவிடுவதே இதன் துயரம். மராத்திய நாட்டில் வாழும் தமிழன்பர்கள் அறிந்து போற்றத்தக்க நாடகம் இது.