ஒளிரும் பூத்தையல்

ஒளிரும் பூத்தையல் என்பது மின்சாரம் கடத்தும் நூலால் துணியில் பூவேலை செய்து, அந்த நூல்வழியே எல்.இ.டி. விளக்குகளையும் உணரிகளையும் இணைக்கும் கலை. தொட்டாலோ அசைந்தாலோ துணி வெளிச்சம் காட்டும்.

உடையில் விளக்கேற்றும் ஆசை பழையது. 1883இல் நியூயார்க் மாறுவேட விருந்துக்குச் செல்வந்தர் குடும்பத்து ஆலிஸ் வாண்டர்பில்ட் 'மின்னொளி' வேடத்தில் வந்தார். 1956இல் ஜப்பானின் குடாய் கலைக்குழுவைச் சேர்ந்த அட்சுகோ தனகா, வண்ண பல்புகளும் குழல்விளக்குகளும் கோத்த மின்னுடையைத் தானே அணிந்து காட்டினார். இவற்றில் துணி வெறும் சுமைதாங்கிதான்.

துணியே மின்சுற்றாக மாறியது 1990களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில். அங்கே ரெமி போஸ்ட், மேகி ஆர்த் முதலியோர் கையிலெடுத்தது, அலங்காரத்துக்காக இந்தியாவில் நெடுங்காலமாக நெய்துவரும் ஜரிகைப் பட்டு. பட்டு நூலின் மேல் உலோகத் தகடு சுற்றியிருப்பதால் ஊடையிழை ஒவ்வொன்றும் ஒரு கம்பி. இழைகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் பாயாது. அவர்களின் 'மின்மினி உடை'யில் இத்தகைய பட்டு இரண்டு அடுக்காக, நடுவே வலைத்துணியோடு அமைந்தது. அணிந்தவர் நடக்கும்போது விளக்கின் இரு முனைகளும் இரு அடுக்கையும் உரசும். அந்த நொடியில் விளக்கு எரியும். கணிப்பொறியே தேவைப்படாத இந்த எளிமையைப் பிற்பாடு வந்த பல பகட்டான உடைகள் எட்டவில்லை. ஜீன்ஸ் துணிச் சட்டையில் விசைப்பலகையைப் பூவேலையாகத் தைத்த 'இசைச் சட்டை'யும் அவர்கள் செய்ததே. இந்த முறைகளை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2000இல் வெளிவந்தது.

2007இல் லியா பூக்லி வடிவமைத்த லில்லிபேட் என்னும், துணியில் தைக்கக்கூடிய நுண்கணிப்பொறிப் பலகை விற்பனைக்கு வந்தபின் கலை ஆய்வகத்தை விட்டு வெளியேறியது. பலகையின் விளிம்பில் ஓட்டைகள் உண்டு. ஈயப்பற்று வேண்டாம், எஃகு நூலை நாலைந்து சுற்று இறுக்கித் தைத்தால் போதும். 2018இல் இரேனே போஷ், எப்ரு குர்பக் இருவரும் விளக்கையும் விட்டுவிட்டு, பொன்னிழைச் சுருள்களாலும் காந்த மணிகளாலும் கணக்குப் போடும் பூத்தையல் கணிப்பொறியையே செய்தனர்.

தமிழ்நாட்டில் இதற்கான பொருளும் கையும் இருக்கின்றன. ஜரிகைக்குக் காஞ்சிபுரமும் ஆரணியும். தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டாரத்தில் சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் தறிகளில் ஓடுவது பெரும்பாலும் பருத்தி. ஆனால் தேனி, கம்பம் பக்கத் தையற்கடைகளில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி ஒர்க் என்னும் கொக்கி ஊசிப் பூவேலை சாதாரணம். அதனோடு சேர்த்துச் செய்யும் ஜர்தோசி வேலையில் உலோக இழையைத் துணிமேல் கிடத்தி, மெல்லிய நூலால் ஆங்காங்கே கட்டுவார்கள். துணிக்குள் புகுந்து புகுந்து வராததால் இழை மடங்கி முறிவது குறைவு; மின்சுற்றுக்கு இதைவிட வசதி வேறென்ன? கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையை மட்டும் நம்ப முடியாது. அதன் உலோகப் படலத்தின் மேல் பூச்சு ஏறியிருப்பதால் மின்சாரம் பாய்வதில்லை. வெள்ளி, செம்பு கலந்த ஜரிகையானால் மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளை வைத்ததும் கீச்சென்று ஒலிக்கும். தைத்து முடித்த உடையைத் துவைக்குமுன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும்.