லட்சுமி மெஷின் ஒர்க்ஸ்: ஒரு குடும்பத் தொழிலின் வரலாறு

லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் (சுருக்கமாக எல்.எம்.டபிள்யூ) என்பது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயந்திர உற்பத்தி நிறுவனம் ஆகும். நூற்பாலை இயந்திரங்களைத் தயாரிப்பதற்காக 1962-ஆம் ஆண்டு ஜி. கே. தேவராஜுலு இதனைத் தொடங்கினார். பஞ்சாலை நடத்திய ஒரு குடும்பம், அந்த ஆலைக்குத் தேவையான இயந்திரத்தையே செய்யும் நிலைக்கு உயர்ந்ததன் சான்றாக இது விளங்குகிறது.

பின்னணி

கொங்கு நாட்டுக்கு இரும்பு வேலை புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. எனினும் இங்குள்ள நவீன இரும்புத் தொழில் பஞ்சாலைகளின் தேவையிலிருந்தே பிறந்தது. கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் அமைந்தது. 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் பம்புகள் தேவைப்பட்டன. இவற்றைச் செய்யவும் பழுது பார்க்கவும் வார்ப்படசாலைகளும் லேத்துப் பட்டறைகளும் தோன்றின.

தொடக்கம்

தேவராஜுலுவின் தந்தை ஜி. குப்புசாமி நாயுடு 1910-இல் லட்சுமி மில்லைத் தொடங்கினார். அவிநாசிச் சாலையில் அந்த ஆலையின் பெயரால் வழங்கும் சந்திப்பு இன்றும் உள்ளது. அக்கால ஆலைகள் இயந்திரங்களுக்கு வெளிநாடுகளையே நம்பியிருந்தன. விடுதலைக்குப் பின் ஏற்பட்ட அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கடினமானது. புதிய ஆலை அமைப்பதும் பழைய ஆலையைப் புதுப்பிப்பதும் இயந்திரம் கிடைப்பதைப் பொறுத்தே இருந்தன. இச்சூழலில் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன், பெரியநாயக்கன்பாளையத்தில் தொழிற்சாலை அமைந்தது.

உற்பத்தி

ஒரு ரிங் பிரேம் இயந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் (ஸ்பிண்டில்கள்) இருக்கலாம். அவை நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்பவை. சட்டகம் சிறிது கோணினாலும் அதிர்வு கூடி நூல் அறும். எனவே வார்ப்படம், எஃகுத் தகடுகளை வெட்டி வளைத்தல், பற்றவைத்தல், கடைசல் ஆகிய அனைத்திலும் துல்லியம் கட்டாயமாகிறது. உதிரிபாகங்கள் பலவும் சிறு பட்டறைகளில் ஜாப் ஆர்டர் முறையில் செய்யப்படுகின்றன. இதனால் பெரிய தொழிற்சாலை கேட்கும் அளவும் தரமும் சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்கும் பழக்கமாயின.

தலைமுறைகளும் விரிவாக்கமும்

தேவராஜுலுவுக்குப் பின் அவர் மகன் டி. ஜெயவர்த்தனவேலு நிறுவனத்தை வழிநடத்தினார். 2010-இல் அவர் மறைந்தபின் அவர் மகன் சஞ்சய் ஜெயவர்த்தனவேலு பொறுப்பேற்றார். நூற்பாலைத் தொழில் நலிந்தால் இயந்திர விற்பனையும் குறையும். ஒரே துறையை நம்புவதன் இடர் இதுவே. இதற்கு மாற்றாக, 1988-இல் இயந்திரக் கருவிகள் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வார்ப்படம், விமானத் துறைக்கான பாகங்கள் என நிறுவனம் விரிந்தது. சீனாவின் சூச்சோ நகரிலும் தொழிற்சாலை அமைத்தது. அண்மையில் இதன் பெயர் எல்.எம்.டபிள்யூ லிமிடெட் என மாற்றப்பட்டது.

முக்கியத்துவம்

அவிநாசி, திருப்பூர் வட்டாரப் பின்னலாடைத் தொழில் நூலை நம்பியது. நூல் இயந்திரத்தை நம்பியது. அந்த இயந்திரம் அருகிலேயே கிடைத்ததால் உதிரிபாகமும் பழுதுநீக்கும் தொழிலாளரும் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தனர். அதே நெருக்கத்தால், பஞ்சு விலை ஏற்றமோ ஏற்றுமதிச் சரிவோ ஆலையைத் தாக்கும்போது அதன் சுமை ஜாப் ஆர்டர் பட்டறைகள் வரை இறங்குகிறது. பெரிய நிறுவனம் வேறு துறைகளில் கால் ஊன்றித் தாங்கிக்கொள்ளும். ஓரிரு லேத்துகளோடு இயங்கும் குடும்பப் பட்டறைக்கு அந்த வாய்ப்பு குறைவு. கொங்கு நாட்டின் இரும்புத் தொழில் வரலாற்றை இவ்விரு தரப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும்.